சின்னக் கொல்லைப்புறத்தில் தோட்ட ரயில்: அளவெடுப்பதிலிருந்து ஓட்டுவது வரை

கொல்லைப்புறத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடம் காலியாக இருந்தால் சின்ன மாதிரி ரயில் ஓட்டலாம். ஐந்தடிக்கு ஐந்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடக்கும் தண்டவாளம், அதைச் சுற்றி உயிருள்ள செடிகள், அசல் கல், அசல் மண். இதற்குத்தான் தோட்ட ரயில் என்று பெயர். படங்களில் வருவதெல்லாம் பெரிய பெரிய தோட்டங்களாக இருப்பதால், ஆசையாகப் பார்த்துவிட்டு "நமக்கு ஏது அவ்வளவு இடம்" என்று பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி யாரும் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சின்ன இடத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. தொடங்கிய வேலையை முடிக்க முடியும், முடித்ததைப் பராமரிக்கவும் முடியும். ஐம்பது மீட்டர் பாதை போட்டவர்கள் ரயிலை எடுத்து வைப்பதற்குள் இலை பொறுக்கியே களைத்துவிடுவார்கள். நான்கு மீட்டர் பாதையை ஐந்து நிமிடத்தில் துடைத்துவிட்டு ஓட்ட ஆரம்பித்துவிடலாம்.

எல்லாவற்றையும் முடிவு செய்வது வளைவு

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு என்ஜினைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் இடத்தை அளக்கிறார்கள். பெரிய தோட்டத்தில் இது ஒத்துப்போகலாம். சின்ன இடத்தில் வரிசை மாறியே தீர வேண்டும். முதலில் இடம். அந்த இடத்தில் அடங்கும் மிகப் பெரிய வளைவு எது என்பது அடுத்தது. அந்த வளைவில் சிரமமில்லாமல் திரும்பக்கூடிய என்ஜினும் பெட்டிகளும் அதற்குப் பிறகுதான்.

தோட்ட ரயிலில் அதிகம் புழங்குவது 45 மி.மீ. அகலத் தண்டவாளம். நியூரம்பெர்க் நகரின் லேமன் நிறுவனம் 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில், வெட்டவெளியில் போட்டு ஓட்டக்கூடிய ரயிலை இந்த அகலத்தில் கொண்டுவந்தது. ஜி ஸ்கேல் என்ற வகை அதிலிருந்து பரவியதுதான். மீட்டர் கேஜ் ரயிலை 22.5 மடங்கு சுருக்கினால் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே ஏறத்தாழ 45 மி.மீ. வரும். அதனால் இதன் அளவு 1:22.5. இதே தண்டவாளத்தில் ஓடும் 1:20.3, 1:29, 1:32 அளவு ரயில்களும் விற்பனையில் உண்டு. எல்லாமே ஓடும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று பெரியதாகவும் ஒன்று சோனியாகவும் தெரியும். ஆகவே வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அளவு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, ஒரே அளவில் நில்லுங்கள்.

இந்த 45 மி.மீ. வகையில் ரெடிமேடாகக் கிடைக்கும் வளைவுகளில் மிகவும் இறுக்கமானது ஆர்1. அதன் ஆரம் 60 செ.மீ. முப்பது டிகிரித் துண்டுகள் பன்னிரண்டைச் சேர்த்தால் 1.2 மீட்டர் விட்டத்தில் முழு வட்டம் கிடைக்கும். பெட்டிகள் வெளியே நீட்டிக்கொண்டு போவதற்கும் கரைக்கும் இடம் விட்டால் ஒன்றரை மீட்டர் கணக்கு வந்துவிடும். அடுத்த வளைவு ஆர்2, ஆரம் சுமார் 77 செ.மீ. அதற்கும் மேலே ஆர்3, சுமார் 1.2 மீட்டர். உங்கள் இடத்தில் ஆர்2 அடங்கும் என்றால் ஆர்1 பக்கம் போகவே வேண்டாம். வளைவு இறுக இறுகச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசும், என்ஜின் திணறும், நீளமான பெட்டி தடம் புரளும். ஐந்து பெட்டி இழுத்த என்ஜின் மூன்றோடு நின்றுவிடும்.

எந்த மாதிரி ரயில் என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. 60 செ.மீ. ஆரத்தை 22.5-ஆல் பெருக்கினால் 13.5 மீட்டர். எந்த எக்ஸ்பிரஸ் வண்டியும் அப்படித் திரும்பாது. ஆனால் மலை ரயில்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் திரும்புகின்றன. இரண்டடி கேஜில் ஓடும் டார்ஜிலிங் ரயிலில், திந்தாரியா பக்கத்தில் அகோனி பாயிண்ட் என்று ஒரு வளைவு இருக்கிறது. அதன் ஆரம் சுமார் 18 மீட்டர். அதை 1:19 அளவுக்குச் சுருக்கினால் 95 செ.மீ.தான் வரும். அதாவது இரண்டேகால் மீட்டர் இடம் இருந்தால் அந்த மலையின் மிக இறுக்கமான திருப்பம் உங்கள் கொல்லைப்புறத்தில் அளவு பிசகாமல் உட்கார்ந்துவிடும்! இடம் இல்லாத மலைச்சரிவில் பாதை போட்டவர்கள் குட்டி என்ஜின், குட்டைப் பெட்டி என்று போனார்கள். நம் கஷ்டமும் அதே கஷ்டம், தீர்வும் அதே தீர்வு.

அதனால் நான்கு சக்கர டேங்க் என்ஜின் (தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் குட்டி என்ஜின்) ஒன்று, இரண்டு அச்சுள்ள குட்டைப் பெட்டிகள் இரண்டோ மூன்றோ, இவை போதும். எல்ஜிபியின் முதல் என்ஜினான ஸ்டைன்ஸ் இந்த ரகம்தான். ஆர்1 வளைவில் தாராளமாகத் திரும்பும். எட்டுச் சக்கரம் வைத்த நீளமான பயணிகள் பெட்டியை ஆர்1-இல் இழுத்தால் சில சமயம் ஓடவும் ஓடும், ஆனால் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்ளேயும் முனைகள் வெளியேயும் துருத்திக்கொண்டு பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

45 மி.மீ.க்கு மாற்றாக 32 மி.மீ. தண்டவாளமும் இருக்கிறது. இரண்டடி கேஜ் ரயில்களை 1:19 அளவில் சுருக்கியது. அசல் நீராவியில் ஓடும் சின்ன என்ஜின்களை விரும்புகிறவர்கள் அதிகம் போவது இந்தப் பக்கம். ஆனால் அந்த என்ஜின்களில் பலவற்றுக்கு 75 செ.மீ. ஆரமாவது வேண்டும். வீட்டுக்குள் ஓட்டும் 16.5 மி.மீ. ரயிலை வெளியே போடலாமா என்றால், போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் முயற்சிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு காய்ந்த புல் விழுந்தாலே அந்த ரயில் நின்றுவிடும்.

அளந்து, கோடு போட்டு, சில நாள் அப்படியே விடுங்கள்

ஒரு முளைக்குச்சி, ஒரு கயிறு, கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி. குச்சியை நடுவில் அடித்து, கயிற்றில் 60 செ.மீ.யோ 77 செ.மீ.யோ அளந்து வட்டம் போடுங்கள். அதற்கு வெளியே 15 செ.மீ. தள்ளி இன்னொரு வட்டம். சுவர், தொட்டி, குழாய், துணிக்கொடிக் கம்பம் எதுவும் இந்த வெளிவட்டத்துக்குள் வரக்கூடாது.

கோட்டைப் போட்டுவிட்டு உடனே மண்ணை வெட்ட வேண்டாம். சில நாள் அந்தக் கோட்டைத் தாண்டிப் பழகிப் பாருங்கள். கதவு திறக்கிறதா, குப்பைக் கூடையை எடுத்துப் போக முடிகிறதா, சாக்கடை மூடி கோட்டுக்கு அடியில் மாட்டுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். மழை பெய்தால் வெளியே போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். முடிந்தால் ஒரு முழு மழையைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

கை எட்டும் தூரத்தையும் இப்போதே பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தால் கை வசதியாக எட்டுவது 60, 70 செ.மீ. தூரம்தான். மூன்று பக்கமும் சுவர் இருக்கிற மூலையில் வட்டம் போட்டால் தூரத்து வளைவு எட்டாது, ரயில் கவிழ்வதும் அங்கேதான் கவிழும். ஒன்று நடுவில் கால் வைக்க ஒரு தட்டைக் கல்லைப் பதியுங்கள், அல்லது வட்டத்தைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள்.

வட்டத்துக்கு இடமே இல்லை, சுவர் ஓரமாக ஒரு நீளமான பட்டைதான் இருக்கிறது என்றால், போய்த் திரும்பும் நேர்ப் பாதை போடலாம். நாற்பது செ.மீ. அகலமும் மூன்று நான்கு மீட்டர் நீளமும் இருந்தால் ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் ஒரு சுரங்கமோ மரக்கிடங்கோ. தானாகவே நின்று திரும்பி வரவைக்கும் மின்சுற்றுகள் கடையில் கிடைக்கின்றன. ரயில் சுற்றிச் சுற்றி வருவதைவிட, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய் வருவது எனக்குப் பிடித்தமானது. அதனால் இதைக் குறைந்த திட்டமாக நினைக்க வேண்டாம்.

மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போவது சின்னத் தோட்டத்துக்கு ஒத்துவராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழே போகும் ரயிலுக்கு மேலே 20 செ.மீ.யாவது உயரம் வேண்டும். மீட்டருக்கு 3 செ.மீ. ஏற்றம் என்று வைத்தாலே, அந்த உயரத்தை எட்ட ஏறக்குறைய 7 மீட்டர் பாதை, இறங்க இன்னொரு 7 மீட்டர். நம்மிடம் இருப்பதே நான்கு மீட்டர். ஆகவே பாதை சமதளம். பாயிண்ட் என்கிற பிரிவுத் தடமும் ஒன்றே ஒன்று போதும், இரண்டு வேகன் நிற்க ஒரு கிளைப் பாதைக்காக.

எதில் ஓட்டுவது

தண்டவாளம் வழியாக மின்சாரம், வண்டிக்குள் பேட்டரி, அசல் நீராவி என்று மூன்று வழி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று விற்கும் செட்டுகளில் வருவது முதல் வகை: ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கண்ட்ரோலர், பொதுவாக 24 வோல்ட்டுக்குள்ளான டிசி மின்சாரம். நான்கைந்து மீட்டர் வட்டத்துக்கு இதுதான் சுலபம், இரண்டு வயர் இணைத்தால் முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் எப்போதும் கூரைக்குக் கீழே, உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். அது செருகப்படும் பிளக்குக்கு, மின் கசிவு வந்தால் உடனே அணைத்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் போவது குறைந்த வோல்ட் வயர் மட்டுமே. ஈரத்தில் வீட்டு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பேட்டரி வகையில் தண்டவாளம் அழுக்காக இருந்தாலும் கவலையில்லை, வயரும் வேண்டாம், கையில் ரிமோட். ஆனால் பேட்டரியையும் ரிசீவரையும் பொருத்த, குட்டி என்ஜினுக்குள் இடம் தேட வேண்டியிருக்கும். பலர் பின்னால் ஒரு மூடிய வேகனில் வைத்துவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரி என்றால் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்குங்கள், வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நீராவியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை ஆகிவிடும். எரிவாயுவிலோ ஸ்பிரிட்டிலோ எரியும் சின்னக் கொதிகலன், எண்ணெயும் ஆவியும் கலந்த அந்த வாசனை, வேறு எதுவும் தர முடியாத சந்தோஷம் அது. பாதை துல்லியமான சமதளமாக இருக்க வேண்டும், பக்கத்தில் காய்ந்த இலை இருக்கக்கூடாது, ஓடும்போது ஆள் கூடவே இருக்க வேண்டும். முதலில் மின்சாரத்தில் பாதையைப் பழக்கிவிட்டு, அடுத்த கட்டமாக அதற்குப் போகலாம்.

அடித்தளம்: அவசரப்படக் கூடாத இடம்

தோட்ட ரயிலில் வரும் தொல்லைகளில் பெரும்பாதி அடித்தளத்திலிருந்து வருகிறது. தண்ணீர் நின்றால் மண் இறங்கும், மண் இறங்கினால் தண்டவாளம் சாயும், சாய்ந்த இடத்தில் வண்டி விழும். ஆகவே தண்ணீர் வடிய வழி செய்வதுதான் முழு வேலையும்.

கோடு போட்ட வட்டத்தின் நெடுக, 15 முதல் 20 செ.மீ. அகலத்தில், 10 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். வேர்களை விடாமல் பொறுக்கி எடுங்கள். அடிமண்ணைத் திமிசுக் கட்டையால் நன்றாக இடித்து இறுக்குங்கள். வாய்க்காலின் அடி எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்றாலும், ஒரு பக்கமாகத் தண்ணீர் வெளியேற ஒரு சின்ன வடிகால் வெட்டி அதற்கு வாட்டம் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தோண்டியது ஒரு வட்டக் குளம்.

இடித்த மண்ணின்மேல், தண்ணீரை விட்டு மண்ணை விடாத தோட்டத் துணியை விரியுங்கள். களை மேலே வராமலும், ஜல்லி மண்ணுக்குள் புதையாமலும் அது பார்த்துக்கொள்ளும். அதன்மேல் முக்கால் பங்கு உயரத்துக்கு அரை இஞ்ச் ஜல்லி, மறுபடி இடி. மேல்மட்டத்துக்கு 3 முதல் 6 மி.மீ. உடைத்த கல். கல் கூர்முனையோடு இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உருளும். உடைத்த கல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். நிஜ ரயில் பாதையிலும் உடைத்த ஜல்லி போடுவது இதற்காகத்தான்.

வாங்கிய பொடிக்கல்லில் ஒரு கைப்பிடி எடுத்து, அதில் ஒரு காந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கல்லைத் தண்டவாளத்துக்குக் கீழே போடாதீர்கள். என்ஜினின் மோட்டாருக்குள்ளும் காந்தம் இருக்கிறது. ஓட ஓட அந்தத் துகள்களை இழுத்துக்கொண்டு, பல்சக்கரங்களை அரைத்துவிடும்.

இதற்குப் பிறகு மட்டம் பார்க்க வேண்டும். கையளவு ரசமட்டம் ஒன்றைத் தண்டவாளத்தின் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை என்று ஒவ்வொரு துண்டிலும் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் மீட்டருக்கு அரை செ.மீ. பிசகு ஒன்றும் செய்யாது. குறுக்குவாக்கில் பிசகக் கூடாது, அதுவும் வளைவில் வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தால் வண்டி நிச்சயம் கவிழும். வட்டத்தின் இரண்டு எதிர்ப் பக்கங்களை ஒப்பிட, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைவிட நம்பகமான கருவி இல்லை.

தரையில் குனிந்து வேலை செய்ய முடியாதவர்கள் பாதையைத் தூக்கிக் கட்டலாம். செங்கல்லிலோ சிமெண்ட் பிளாக்கிலோ 40, 50 செ.மீ. உயரத்துக்கு ஒரு தொட்டி மாதிரி எழுப்பி, அடிவரிசையில் வடிகால் ஓட்டைகள் விட்டு, கீழே ஜல்லியும் மேலே மண்ணும் நிரப்பி, அதன்மேல் மேற்சொன்ன முறையில் பாதை. இடம் சின்னதாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். ரயில் கண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது, ஓரச் சுவரில் உட்காரலாம், மழைவெள்ளம் பாதைமேல் ஏறாது. நிரப்பிய மண் இறங்குவதற்கு மட்டும் பல வாரம் கொடுங்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றி இறக்கிவிட்டு, பிறகு பாதை போடுங்கள்.

கான்கிரீட் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். உறுதியாக இருக்கும், ஆனால் ஒரு வருடம் கழித்து ஸ்டேஷனை நகர்த்த வேண்டும் என்று தோன்றும்போது உடைக்க வேண்டியிருக்கும். முதல் பாதை ஜல்லியிலேயே இருக்கட்டும்.

தண்டவாளம் பூட்டுவது

தண்டவாளத்தைத் தரையோடு ஆணியடித்துப் பிணைக்க வேண்டாம். ஜல்லியின்மேல் அது மிதக்கட்டும். பித்தளை வெயிலில் நீளும்: 4 மீட்டர் பாதையில் வெப்பநிலை 40 டிகிரி மாறினால் நீளம் சுமார் 3 மி.மீ. மாறும். மிதக்கும் பாதை அந்த 3 மி.மீ.யை வளைவில் லேசாக அசைந்து வாங்கிக்கொள்ளும். இறுகப் பிணைத்த பாதை எங்காவது பிதுங்கும்.

மின்சாரத்தில் ஓட்டுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு இணைப்பையும் மாட்டுவதற்கு முன் உள்ளே மின்கடத்தும் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். ஈரம் புகுந்து பச்சையாகப் பூத்துப்போகாமல் அது காக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் திருகாணி வைத்த பித்தளைக் கிளாம்புகள் கிடைக்கும். வட்டத்தின் இரண்டு எதிர்ப் புள்ளிகளில் மின்வயர் கொடுத்துவிட்டால், ஏதாவது ஒரு இணைப்பு தளர்ந்தாலும் ரயில் நிற்காது. பித்தளை, ஸ்டீல், அலுமினியம் என்று தண்டவாளங்கள் வரும். அலுமினியம் விலை குறைவு, ஆனால் அதன் மேல்படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பேட்டரிக்கும் நீராவிக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு நீளம் பொருந்தாமல் வெட்ட வேண்டி வந்தால் நுண்பல் ஹேக்ஸா, வெட்டியதும் அரம். விளிம்பில் பிசிறு இருக்கவே கூடாது. விரல் நகத்தை இணைப்பின்மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

பூட்டி முடித்ததும் பொடிக்கல்லைத் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்கு இடையே தூவி, பெயிண்ட் பிரஷால் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். கல் இறங்கும். மறுநாள் மறுபடி தூவுங்கள். கல் கட்டையின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும், தண்டவாளத்தின் உள்பக்கத்தில் சக்கர விளிம்பு ஓடும் இடத்தில் ஒரு கல்கூட இருக்கக்கூடாது.

செடிக்கு முன்னால் ரயில்

ஆசை அவசரப்படுத்தும், இருந்தாலும் செடி எதுவும் வைக்காமல் பல நாள் ரயிலை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓடவேண்டும். பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இழுக்கும்போது ஒளிந்திருக்கும் பிசகு தள்ளும்போது வெளியே வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் பாதையில் கோளாறு. வெவ்வேறு இடங்களில் ஒரே பெட்டி விழுந்தால் பெட்டியில் கோளாறு.

ஓர் அட்டையை உங்கள் மிக அகலமான, உயரமான வண்டியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு செ.மீ. பெரிதாக வெட்டி, நீளமான பெட்டி ஒன்றின்மேல் ஒட்டி, கையால் தள்ளிக்கொண்டு போங்கள். சுரங்கமும் பாலமும் செடியும் இந்த அட்டை இடிக்காமல் போகிற இடத்துக்கு வெளியேதான்.

மலை, மண், செடி

வட்டத்தில் ஓடும் ரயிலை முழுவதுமாக ஒரே பார்வையில் பார்க்க முடிந்தால் அது பொம்மை. பாதி நேரம் மறைந்து போய் வந்தால்தான் அது எங்கோ போய் வருகிறது என்று மனம் நம்பும். எனவே வட்டத்தின் நடுவே குறுக்காக ஒரு மண்மேடு எழுப்புங்கள். உட்கார்ந்து பார்க்கும் உங்கள் கண்ணுக்கு எதிர்ப்பக்க வளைவு தெரியாத அளவுக்கு உயரம். பாதை சமதளத்திலேயே இருக்கட்டும், நிலம் மட்டும் ஏறி இறங்கட்டும். ஓரிடத்தில் மண்ணைத் தாழ்த்தி ஒரு குட்டிப் பாலம், இன்னோர் இடத்தில் மண்ணை உயர்த்திப் பாறைகளுக்கு நடுவே ஒரு வெட்டு. மலையேறுகிற மாதிரியே தோன்றும்.

பாறையைக் குத்துகுத்தாக நட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைந்து, எல்லாக் கல்லின் வரியும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அது மலை. ஒரே வகைக் கல்லாக இருக்கட்டும்.

சுரங்கம் வைத்தால் ஒரு கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் நின்றுபோன வண்டியை எடுக்க வேண்டுமே. எலியும் தவளையும் குடியேறவும் செய்யும். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

செடியில் ஒரே அளவுகோல், இலையின் அளவு. 1:22.5-இல் ஒரு மனிதர் ஏழரை செ.மீ., பத்து மீட்டர் மரம் 44 செ.மீ. கையகல இலை வைத்த செடி பக்கத்தில் நின்றால் ரயில் உடனே பொம்மையாகிவிடும். ஒரு செ.மீ.க்குக் குறைந்த இலை, மெதுவான வளர்ச்சி, கத்தரித்தால் பொறுத்துக்கொள்ளும் குணம், இந்த மூன்றும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். போன்சாய்க்குப் பயன்படும் செடிகள் இந்தக் கணக்குக்குச் சரியாக வரும். தரையோடு படரும் தைம், சீடம் வகைகள், பாக்ஸ்வுட், குள்ள ஜூனிபர், செரிஸா என்று பல உண்டு. உங்கள் தட்பவெப்பத்தில் எது வாழுமோ அதுதான் நல்ல செடி. வேரால் பாய்ந்து பரவுகிறவை, எங்கு பார்த்தாலும் விதை உதிர்க்கிறவை வேண்டாம். தண்டவாளத்திலிருந்து 10 செ.மீ.யாவது தள்ளி நடுங்கள், இரண்டு வருடத்தில் அது நெருங்கி வந்துவிடும்.

வீடுகளும் ஸ்டேஷனும் குறைவாகப் போதும். ஒரு ஸ்டேஷன் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, காத்திருக்கும் இரண்டு பேர். வெளியிலேயே இருப்பதால் சிமெண்டில் வார்த்தது, கல், வெயில் தாங்கும் பிளாஸ்டிக் நிலைக்கும். பிளைவுட் பிரிந்துவிடும்.

ஓட்டும்போது

மெதுவாக ஓட்டுங்கள். ஆர்1 வட்டத்தின் சுற்றளவு 3.77 மீட்டர். 1:22.5-இல் மணிக்கு 30 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 37 செ.மீ.; பத்து நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். 15 கி.மீ. வேகத்துக்குக் குறைத்தால் இருபது நொடி. அதாவது கண்ட்ரோலரைக் கொஞ்சம் திருகியதில் உங்கள் ரயில்வே இரண்டு மடங்காகிவிட்டது. மலை ரயிலுக்கு அந்த வேகம் பொருத்தமும்கூட. நடுவே ஸ்டேஷனில் நிறுத்தி, ஒரு வேகனைக் கிளைப் பாதையில் விட்டு, இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். சின்னப் பாதை சலிக்காமல் இருப்பது இதனால்தான்.

ஓட்டும் முன் தண்டவாளத்தின் மேற்பரப்பைப் பாத்திரம் தேய்க்கும் நைலான் பட்டையால் துடைத்தால் போதும். ஒரு நீளக் குச்சியின் முனையில் அதைக் கட்டிக்கொண்டால் குனிய வேண்டியதில்லை. மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். ஈரமான காலைகளில் நத்தை ஊர்ந்த தடம் தண்டவாளத்தின்மேல் பளபளவென்று கிடக்கும். அது காய்வதற்குள் ஓட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

எறும்புப் புற்றும் கவனிக்க வேண்டிய விஷயம். ஜல்லிக்கு அடியிலிருந்து மண்ணை மேலே கொண்டுவந்து இணைப்புகளுக்குள் தள்ளிவிடும். வாரம் ஒருமுறை பிரஷால் ஒதுக்கினால் போதும்.

தண்டவாளம் வெளியிலேயே கிடக்கலாம். என்ஜினும் பெட்டிகளும் ஓட்டி முடித்ததும் உள்ளே போக வேண்டும். சக்கரங்களைத் துடைத்து, அச்சுகளுக்குக் குண்டூசி முனையளவு எண்ணெய் விட்டு வையுங்கள். அதிகம் விட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதல் பெருமழைக்குப் பிறகு பாதை சில இடங்களில் நிச்சயம் இறங்கும். பதற வேண்டாம், எல்லாப் பாதையும் இறங்கும். இறங்கிய துண்டை லேசாகத் தூக்கி, அடியில் பொடிக்கல் தள்ளி, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு இந்த வேலை வெகுவாகக் குறைந்துவிடும். கிளைப் பாதையை நீட்டுவதா, இன்னொரு ஸ்டேஷன் வைப்பதா என்பதை அதற்குப் பிறகு யோசியுங்கள். அதற்குள் எந்த மூலை ஈரமாகவே இருக்கிறது, எங்கே உட்கார்ந்தால் ரயில் நன்றாகத் தெரிகிறது என்பதெல்லாம் உங்களுக்கே பழகியிருக்கும்.